உடம்பின் காவல்: மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேரும் நம் பகுதி மாணவ மாணவியருக்காகக் கண்ணமங்கலத்தில் நம் அறக்கட்டளை நடத்திய வழியனுப்புக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை.)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, உலமாப் பெருமக்களே, பெற்றோர்களே, மருத்துவம் படிக்கப் புறப்படும் பிள்ளைகளே!

உங்களுக்காக துஆ செய்தவர்கள் செய்துவிட்டார்கள், புத்திமதி சொன்னவர்களும் சொல்லிவிட்டார்கள். நாம் அதையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு பாடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அது நோய் எதிர்ப்பு. நாம் மருத்துவர் அல்ல. மதரஸாவில் ஓதிவிட்டு, கல்லூரியில் விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். ஆனாலும் இந்தப் பாடத்தை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

முதல் ஆண்டில் உங்களுக்கு உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். நோய் எதிர்ப்பை முறையாகப் படிப்பது இரண்டாம் ஆண்டில், நுண்ணுயிரியலோடு சேர்த்து. நம் தெரு அதுவரை காத்திருக்காது. கல்லூரியில் சேர்ந்த மறுநாளே நீங்கள் நம் தெருவுக்கு டாக்டர்தான். லீவுக்கு வந்து பையை இறக்கி வைக்கும் முன்பே பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பார். "ஊசி போட்டதும் ஏன் காய்ச்சல் வருது? ஒன்பது மாசம் வரைக்கும் ஏன் தட்டம்மை ஊசி போட மாட்டேங்கிறாங்க? போலியோ சொட்டு எத்தனை தடவைதான் கொடுப்பாங்க?" சிலர் தமிழில் கேட்பார்கள், சிலர் உருதுவில் கேட்பார்கள். இங்கிலீஷில் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் நோய் எதிர்ப்புப் பாடத்தில்தான் இருக்கிறது.

முதலில் காவலின் வெளிப்புறம். தோல், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம், இரைப்பையின் அமிலம், கண்ணீர் எல்லாமே சுவர்கள். முள் குத்தி சுவர் உடைந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் மெட்ச்னிக்கோஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடி போன்ற உடம்புள்ள நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. கிருமியைத் தின்னும் செல்கள் உண்டு என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. 1908-ல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடம்பில் இந்த வேலைக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோபில் செல்கள். லேப் ரிப்போர்ட்டில் 'டி.சி.' என்று போட்டு நியூட்ரோபில், லிம்போசைட், ஈசினோபில் என்று எண் எழுதியிருப்பார்களே, அது இந்தப் படையின் ஆள்கணக்குதான். 'ஈசினோபில் ஏறிப்போச்சு' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. குடற்புழு இருந்தாலும் ஒவ்வாமை இருந்தாலும் அந்த எண் கூடும். புண்ணில் வரும் சீழைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அதில் பெரும்பகுதி நமக்காக வேலை செய்து செத்த நியூட்ரோபில்கள். இந்தப் படைக்கு ஆள் முகம் தெரியாது. வெளியாள் என்று பொதுவாகத் தெரிந்தால் போதும், பாய்ந்துவிடும். சண்டை நடக்கும்போது அது அனுப்பும் ரசாயனச் செய்திகள் மூளைக்குப் போய்ச் சேர, உடம்பு சூடேறுகிறது. ஊசி போட்ட அன்று குழந்தைக்கு வரும் லேசான காய்ச்சல் இதுதான். உள்ளே காவல் விழித்துக்கொண்டது என்று அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள். காய்ச்சல் வராத குழந்தைக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அந்தக் கேள்வியோடு வேறொருவர் வருவார்.

பாடத்தின் கடினமான பகுதி இனிமேல்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எளிதாகப் புரியும் என்பது நம் எண்ணம்.

ஜக்கார்டு தறியை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேலே அட்டைகள் மாலையாகத் தொங்கும். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்குத் தக்க பாவு இழைகள் தூக்கும், கரையில் மயிலோ மாங்காயோ விழும். ஒரு டிசைனுக்கு முதல் தடவை அட்டை அடிப்பதற்குள் நாள் கணக்கில் ஆகிவிடும். அந்தச் சேலை முடிந்த பிறகும் அட்டையை யாரும் எரித்துவிடுவதில்லை. கட்டி பரணில் போடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கடைக்காரர் அதே டிசைனைக் கேட்டால், இறக்கி மாட்டியதும் தறி ஓடத் தொடங்கிவிடும். இப்போது கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்துவிட்டது, பரணில் அட்டை குறைந்துவிட்டது. ஆனாலும் உங்கள் தாத்தாவிடம் கேட்டால் சொல்வார்.

லிம்போசைட் செல்கள் செய்வது இதே வேலை. ஒரு கிருமியை முதன்முறை சந்திக்கும்போது, அதற்குப் பொருந்தும் செல்லைத் தேடிப் பிடித்து, அதைப் பெருக்கி, எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? நிணநீர்க் கணுவுக்குள் அந்தச் செல்கள் பெருகுவதால்தான் அது வீங்குகிறது. நோய் போனபின் பெரும்பாலான செல்கள் மடிந்துவிடும். சில மட்டும் பரணில் அட்டை போலப் பல்லாண்டு தங்கும். அவைதான் நினைவுச் செல்கள். அதே கிருமி மறுபடி வந்தால் இரண்டு மூன்று நாளிலேயே படை தயார். தடுப்பூசி என்பது நோயைக் கொடுக்காமலே அந்த அட்டையை அடித்து வைக்கும் ஏற்பாடு.

உலகில் கணக்கில்லாத கிருமிகள் இருக்க, அத்தனைக்கும் பொருந்தும் செல்கள் உடம்புக்கு எப்படிக் கிடைக்கின்றன என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி இருந்தது. ஜப்பானியரான சுசுமு டொனெகாவா 1976-ல் அதை விளக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு கிடையாது. சில நூறு துண்டுகள்தான் உண்டு. ஒவ்வொரு பி செல்லும் அவற்றை வெட்டி, மாற்றி, ஒட்டித் தனக்கென ஒரு வடிவம் செய்துகொள்கிறது. இருக்கும் அட்டைகளையே கலைத்துக் கோத்துப் புதுப்புது டிசைன் போடுவது போல. 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போது படைத்தவனை நினைத்து ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைப்பீர்கள், பாருங்கள்.

இப்படிக் கண்டபடி கலைத்தால் நம் உடம்பையே தாக்கும் வடிவங்களும் வந்துவிடாதா? வரும். அதற்குத்தான் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்களுக்கு அங்கே தேர்வு நடக்கிறது. சொந்த உடம்பைத் தாக்கக் கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. நுழைவதில் பெரும்பாலானவை வெளியே வருவதில்லை. நீட் தேர்வை விடக் கடுமையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தப்பி வந்தவை தடம் மாறினால் முடக்குவாதம், சிறுவர்களுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் போன்றவை வருகின்றன.

அதனால் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று கடையில் விற்கும் பொடியையும் பாட்டிலையும் பற்றிக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். எதிர்ப்பு என்பது தண்ணீர்த் தொட்டியில் அளவு ஏற்றுவது போன்ற ஒரே சக்தி அல்ல. கூடிவிட்டாலும் ஆபத்துதான். கொரோனா காலத்தில் பலருக்கு நுரையீரல் கெட்டதில் வைரஸோடு, அடங்காமல் பாய்ந்த சொந்தக் காவலுக்கும் பங்கு உண்டு. சத்தான சாப்பாடு, தூக்கம், புகையிலையை விடுவது இவற்றைச் சொல்ல யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

குழந்தைக்கு முதல் காவல் தாயிடமிருந்து வருகிறது. கர்ப்பத்திலேயே தாயின் எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. பிறந்ததும் சீம்பாலில் வேறொரு வகை வருகிறது. அது குழந்தையின் குடலுக்கு உள்பூச்சு போட்டது போல நின்று காக்கிறது. சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் நம்மில் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டு ஆண்டு பாலூட்டுவதைக் குர்ஆனில் ஓதும் சமூகம் முதல் மூன்று நாள் பாலைக் கொட்டுவது என்ன நியாயம்? பெண் பிள்ளைகளே, இதை வீட்டுக்குள் போய்ச் சொல்ல உங்களால்தான் முடியும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்க இடம் உண்டு.

ஒன்பது மாதக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தாய் கொடுத்த புரதம் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் வரை, தட்டம்மைத் தடுப்பூசியில் உள்ள பலவீனமான வைரஸையும் அது பிடித்து அழித்துவிடும். அட்டை அடிபடாது. அந்தப் புரதம் கரையும்வரை காத்திருந்து போடுகிறார்கள்.

இனி நமக்குப் பக்கத்து ஊர் வேலூரின் பங்கு. பாடப்புத்தகம் வெளிநாட்டில் அச்சாகி வருவதால் அறிவும் அங்கேயே பிறக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

போலியோ சொட்டு மருந்து மேல்நாடுகளில் மூன்று தவணையில் நன்றாக வேலை செய்தது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் 1970-களில் நம் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று தவணை கொடுத்த பின்பும், முதல் வகை மூன்றாம் வகை வைரஸ்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு எதிர்ப்பு உண்டாகவில்லை. சொட்டு மருந்து குடலில் வேலை செய்வது. நம் குழந்தைகளின் குடலில் வேறு கிருமிகள் ஏற்கனவே இடம் பிடித்திருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மருந்து ஒன்றுதான். குழந்தை வளரும் தெருவும் குடிக்கும் தண்ணீரும் வேறு.

அதே சி.எம்.சி.யில் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் 2002 முதல் வேலூரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் 452 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு பற்றிய ஆய்வு அது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடுமையான நோய் வருவதே இல்லை என்று முன்பு கண்டிருந்தார்கள். வேலூரில் மூன்று முறை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இந்தியாவிலேயே உருவான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016-ல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதன் பின்னால் இப்படிப்பட்ட வீடு வீடான உழைப்பு இருக்கிறது.

போலியோ எத்தனை தடவை என்ற கேள்விக்குத் திரும்பி வருகிறோம். பல தடவை கொடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம் வேலூரில் கண்ட இந்த உண்மைதான். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் அதை யாரும் மக்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. "வேறு எந்த மருந்துக்கும் வீட்டுக்கு வராதவர்கள் இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?" என்ற சந்தேகம் நம் சமுதாயக் குடும்பங்களில் முளைத்தது. பிள்ளைகளை மலடாக்கும் மருந்து என்ற வதந்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. கதவுகள் மூடின, பிள்ளைகளின் கால்கள் சூம்பின. பிறகு ஆலிம்கள் முன்வந்து சொன்னார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அலிகர் போன்ற பல்கலைக்கழகங்களும் துணைக்கு வந்தன. கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்க ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. விளக்கிச் சொல்லாத ஓர் அறிவியல் உண்மை வதந்திக்கு எப்படி இடம் கொடுத்தது என்று பார்த்தீர்களா?

நம் தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வந்தன என்று பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்பாதவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹஜ்ஜுக்குப் போகும் முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை நம் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் வரிசையில் நின்று போட்டுக்கொள்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஹஜ் முடிந்து திரும்பியவர்களால் அந்த நோய் பல நாடுகளுக்குப் பரவியது. அதன்பின் நான்கு வகைக் கிருமிகளுக்கான ஊசியை சவூதி அரசு கட்டாயமாக்கியது. அந்த ஊசிக்குக் கை நீட்டும் அதே தாத்தா பேரனின் ஊசிக்கு மட்டும் தயங்குகிறார்.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். அந்த வைரஸ் நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. பரணில் இருக்கும் அட்டைக் கட்டுக்குத் தீ வைப்பது போல. 2019-ல் வெளியான ஆய்வில், நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் தடுப்பூசி போடாத கிறிஸ்தவக் குடும்பங்களின் 77 குழந்தைகளை, தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்துபோன பின்னும் சோதித்தார்கள். மற்றக் கிருமிகளுக்கு எதிராக முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரத வகைகளில் 11 முதல் 73 சதவீதம் காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிவிட்டது என்று குளிப்பாட்டிய பிள்ளை, அதன்பின் மாதக் கணக்கில் சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிடப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. தட்டம்மையையும் பெரியம்மையையும் முதன்முதலில் பிரித்து எழுதிய நூல் அரபி மொழியில் அர்-ராஸி எழுதியது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. அந்த மரபைச் சேர்ந்த நாம் வாட்ஸ்அப்பைப் பார்த்துத் தயங்கலாமா?

எல்லா ஊசிக்கும் ஒரே அளவு பலன் என்றும் சொல்லிவிடாதீர்கள். பி.சி.ஜி. ஊசியைப் பற்றி 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூளை உறையில் வரும் காசநோயை அது தடுப்பதால்தான் பிறந்ததும் போடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லும் டாக்டரைத்தான் மக்கள் நம்புவார்கள். ஊசி மருந்தில் சேரும் பொருள் ஹலாலா என்று கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். தீர்ப்பை ஹஜ்ரத்துமார்கள் சொல்வார்கள். இரண்டு பேர் வேலையையும் ஒருவரே செய்ய வேண்டாம்.

உங்களைப் போல ஒரு மாணவி செய்ததையும் சொல்லிவிடுகிறோம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று தேடச் சொன்னார். இங்கே அது இருக்க வாய்ப்பே இல்லை என்று பலர் நினைத்த காலம். பாலியல் தொழிலில் சிக்கி அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் பேசி ரத்தம் எடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். சோதனை வசதி வேலூரில்தான் இருந்ததால், இரவு ரயிலில் கணவரோடு காட்பாடிக்கு எடுத்து வந்தார். சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எதிர்ப்புப் புரதம் இருந்தது. அவர்கள் தேடியது வைரஸை அல்ல, அது புகுந்த இடத்தில் உடம்பு விட்டுவைத்த சாட்சியத்தை. மற்றப் படைகளுக்கெல்லாம் உத்தரவு கொடுக்கும் உதவி டி செல்களுக்குள்தான் அந்த வைரஸ் குடியேறுகிறது. அவை குறைந்தால் சாதாரணக் கிருமியும் ஆளைக் கொல்லும். அந்தப் பெண்களை வெறுக்காமல் உட்கார்ந்து பேசியதால்தான் அந்த மாணவிக்கு ரத்தம் கிடைத்தது, நாட்டுக்கும் உண்மை தெரிந்தது.

கடைசியாக ஒரு வேலை. கல்லூரிக்குப் பெட்டி கட்டும் முன் உங்கள் வீட்டிலும் இரண்டு பக்கத்து வீடுகளிலும் உள்ள சின்னப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் ஒன்று என இரண்டு தவணையும் பதிவாகியிருக்க வேண்டும். தட்டம்மை ஊருக்குள் பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டும் முடிந்திருக்க வேண்டும். விடுபட்டவர்களின் பெயரை எழுதி வரும் ஜும்ஆவுக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்துப் போக ஆட்டோ செலவை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். உங்களில் ஊரில் இருப்பவர்கள் கூடவே போங்கள். தாய்மார்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.